வாய் பாடுகிறது, மனம் எங்கோ இருக்கிறது
வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம். எனக்கு வயது 54. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமச் சபையைச் சேர்ந்தவன். திடப்படுத்தல் என்னும் சபைச் சடங்கைப் பெற்ற வருடத்திலிருந்தே பாடகர் குழுவில் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனை, நற்கருணை, லெந்துகாலக் கூட்டங்கள், ஸ்தோத்திரப் பண்டிகை, அசனம் (சபை விருந்து) என்று எதையும் நான் தவறவிட்டதில்லை. ஆனால் கடந்த மூன்று ஆண்டுகளாக இவற்றில் எதுவும் எனக்குள் இறங்குவதில்லை. பொதுப் பாவ அறிக்கை சொல்லி முடித்து எழுந்திருக்கும்போது, அதைச் சொன்னேனா இல்லையா என்பதே எனக்கு நினைவில் இருப்பதில்லை. பாடும்போது சுருதி சரியாக இருக்கிறதா என்று கவனிக்கிறேனே தவிர, என்ன பாடுகிறேன் என்று கவனிப்பதில்லை. சிறுவயதில் அம்மாவின் பக்கத்தில் முழங்காற்படியிட்டிருந்தபோது எனக்குள் இருந்த பயமும் சந்தோஷமும் எங்கே போயின என்று தெரியவில்லை. என் தம்பியும் இதே கோயிலுக்குத்தான் வருகிறான். சொத்துப் பிரித்ததில் வந்த பிணக்கினால் ஒன்பது ஆண்டுகளாக எங்களுக்குள் பேச்சு இல்லை; அது வேறு விஷயம். என் கேள்வி இதுதான்: நான் மாயக்காரன், அதாவது வெளிவேஷக்காரன், ஆகிவிட்டேனா? இந்தப் பழைய முறைமைகளை விட்டுவிட்டு, உற்சாகமாக ஆராதிக்கிற வேறொரு சபைக்குப் போனால் பழைய விசுவாசம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அன்புச் சகோதரருக்கு, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் உங்களை வருத்துகிற அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் மாயக்காரர் என்று சொல்லுகிறவர்கள், மனுஷர் காணும்படியாக ஜெபிக்கிறவர்கள். தங்கள் உள்ளே ஒன்றுமில்லை என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை. நீங்களோ உள்ளே ஒன்றுமில்லை என்று உங்கள் கைப்பட எழுதி, முன்பின் பார்த்திராத ஒருவனுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். மாயக்காரருக்கு இப்படிப்பட்ட கடிதம் எழுத வராது. ஆகவே அந்தப் பெயரை உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் உங்கள் நிலைமை அபாயமற்றது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ‘இந்த ஜனங்கள் தங்கள் வாயினால் என்னிடத்தில் சேர்ந்து, தங்கள் உதடுகளினால் என்னைக் கனம்பண்ணுகிறார்கள், அவர்கள் இருதயமோ எனக்குத் தூரமாய் விலகியிருக்கிறது’ என்று ஏசாயா 29-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்லுவது, ஆலயத்துக்கு வராதவர்களைப் பற்றி அல்லவே. தவறாமல் வந்தவர்களைப் பற்றித்தான் அவர் அப்படிச் சொன்னார். வாயும் இருதயமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போக முடியும் என்பதும், அந்த இடைவெளியைக் கர்த்தர் கவனிக்கிறார் என்பதும், அது அவருக்கு வருத்தமாக இருக்கிறது என்பதும் அந்த வசனத்தில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இனி, குற்றம் பழைய முறைமையினுடையதா என்று பார்ப்போம். திரும்பத் திரும்பச் சொல்லுவதனாலேயே ஜெபம் செத்துப்போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு ‘அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்’ என்ற வசனத்தையும் காட்டுகிறார்கள். ஆனால் அதே மத்தேயு, கெத்செமனேயில் ஆண்டவர் ‘மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார்’ என்று எழுதியிருக்கிறார். அந்த இரவில் அவருக்குப் புதிய வார்த்தைகள் தேவைப்படவில்லை. லூக்கா 4:16-இல் அவர் நாசரேத்துக்கு வந்து, ‘தம்முடைய வழக்கத்தின்படியே’ ஓய்வுநாளில் ஜெபஆலயத்தில் பிரவேசித்தார் என்று இருக்கிறது. வழக்கம் என்ற சொல்லை நாம் இழிவாகப் பேசப் பழகிவிட்டோம். வேதத்தில் அது ஆண்டவருடைய சொந்த நடத்தையைக் குறிக்க வந்திருக்கிறது. பிள்ளைப் பருவத்திலிருந்து கேட்டுப் பழகிய சங்கீதங்கள் அவருக்கு இல்லாதிருந்தால், சிலுவையில் மூச்சுத் திணறிய வேளையில் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி அவர் வாயில் எப்படி வந்திருக்கும்?

என் ஊழியத்தின் தொடக்க வருடங்களில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஐந்து கிராமங்கள் சேர்ந்த ஒரு சேகரத்தில் நான் ஆயராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று கோயில்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஆராதனை நடத்த வேண்டியிருந்ததால், இரண்டாவது கோயிலுக்கு வரும்போதே என் வாய் தானாகச் சொல்லத் தொடங்கிவிடும்; மனமோ பன்னிரண்டு நாற்பது பேருந்தைப் பிடிக்க முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அந்த இரண்டாவது கோயிலில், பனையேறியின் விதவையான ஒரு பாட்டி முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருப்பார். பொதுப் பாவ அறிக்கையில் சபையார் எல்லாரும் சொல்லி முடித்து ‘ஆமென்’ என்ற பிறகும், அந்தப் பாட்டியின் குரல் மட்டும் இரண்டு வரி பின்தங்கி வந்துகொண்டிருக்கும். நான் பாவமன்னிப்பு வசனத்தைத் தொடங்க முடியாமல் கையில் புத்தகத்தோடு காத்துக்கொண்டு நிற்க வேண்டும். பல வாரங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் ஆராதனை முடிந்ததும், கொஞ்சம் எரிச்சலோடேயே, “ஏன் பாட்டி எல்லாரோடும் சேர்ந்து சொல்லக் கூடாதா?” என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவர், “ஐயரே, செய்யவேண்டியதைச் செய்யாம விட்டோம்னு சொல்லும்போது எதாவது ஒண்ணு ஞாபகத்துக்கு வந்துருதே. அதை ஆண்டவர்ட்ட சொல்லாம அடுத்த வரிக்கு எப்படிப் போவேன்?” என்றார்.

நான் பதில் பேசவில்லை. அன்றைக்குப் பன்னிரண்டு நாற்பது பேருந்தையும் பிடிக்கவில்லை.

அந்தப் பாட்டி வைத்திருந்ததும் நான் வைத்திருந்ததும் ஒரே புத்தகம், ஒரே அறிக்கை, ஒரே வரிகள். நூற்றுக்கணக்கான ஞாயிறுகளாக அதைச் சொல்லிவந்தவர் என்பதால் அவருக்கு அது சலித்துப்போயிருக்க வேண்டும் என்று பார்த்தால், எனக்குத்தான் சலித்திருந்தது. அந்த வரியில் அவர் தம்முடைய வாரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்காமல் விட்ட ஒரு குடம் தண்ணீரோ, மருமகளிடம் சொல்லாமல் விட்ட ஓர் ஆறுதல் வார்த்தையோ, ஏதோ ஒன்று. நான் எதையும் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வருகிறவனுக்கு எந்த ஆராதனை முறையும் நான்காம் முறையிலேயே வெறும் சத்தமாகிவிடும். அது எழுதப்பட்ட முறையாக இருந்தாலும் சரி, கைதட்டிப் பாடும் முறையாக இருந்தாலும் சரி.

வேறு சபையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. உற்சாகமான ஆராதனையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அங்கே ஆண்டவரைக் கண்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அங்கேயும் ஆறு மாதத்தில் ஒரு வழக்கம் உண்டாகிவிடும். எந்தப் பாட்டுக்கு எந்த இடத்தில் கையை உயர்த்த வேண்டும் என்று உங்கள் கை கற்றுக்கொண்டுவிடும். அப்போது மூன்றாவதாக ஒரு சபையைத் தேடுவீர்களா?

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அதில் நாம் வழக்கமாக விட்டுவிடுகிற இரண்டு பகுதிகள் உண்டு. 1728-இல் குருப்பட்டம் பெற்று, ஆக்ஸ்போர்டில் நண்பர்களோடு சேர்ந்து உபவாசமும் சிறைச்சாலை ஊழியமும் ஒழுங்காகச் செய்து, மிஷனரியாக அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கும் போய்த் தோல்வியோடு திரும்பிய அவர், தமக்கு விசுவாசமே இல்லை என்று உணர்ந்து பிரசங்கத்தை நிறுத்திவிட நினைத்தார். மொரேவியச் சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்த பீட்டர் போலர், விசுவாசம் கிடைக்கும்வரை விசுவாசத்தையே பிரசங்கியும், கிடைத்தபின் அது கிடைத்ததனால் பிரசங்கிப்பீர் என்று அவருக்குப் புத்தி சொன்னார். 1738 மே 24 அன்று மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில், ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முகவுரை வாசிக்கப்பட்டபோது தம் இருதயம் விசித்திரமாக அனல்கொண்டதை உணர்ந்தார் என்பது எல்லாரும் அறிந்தது. அந்தக் கூட்டத்துக்கு அவர் மனமில்லாமல்தான் போனார். அன்று பிற்பகல் அவர் பரிசுத்த பவுல் பேராலயத்தின் ஆராதனையில் இருந்தார். அங்கே பாடகர் குழு பாடியது, ஆழங்களிலிருந்து கூப்பிடுகிற 130-ஆம் சங்கீதம். பாடகர் குழுவில் இருக்கிற உங்களுக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்: அன்று பாடிக்கொண்டிருந்தவர்களில் யாருக்கும், கீழே உட்கார்ந்து கேட்கிற ஒருவருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்காது. இன்னொரு பகுதி, அதற்குப் பின் நடந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே வெஸ்லி தம் நாட்குறிப்பில், தாம் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதியிருக்கிறார். அனல் வந்தது, குறைந்தது, மறுபடியும் வந்தது. அவரோ பொது ஜெபப் புத்தகத்தையும் நற்கருணையையும் 1791-இல் சாகும்வரை விடவில்லை.

நம்முடைய மொழியில் நீறு பூத்த நெருப்பு என்று ஓர் அருமையான சொல் வழக்கு உண்டு. விறகு அடுப்பு இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது வெறும் உவமை அல்ல. இரவு சமையல் முடிந்தபின் அம்மா கங்குகளை ஒன்றுசேர்த்துச் சாம்பலால் மூடிவைப்பார்கள். காலையில் பார்த்தால் அடுப்பு செத்ததுபோலவே கிடக்கும். கை வைத்தால்கூடச் சூடு தெரியாது. புதிதாகத் தீப்பெட்டியைத் தேடாமல், முதலில் சாம்பலைப் பக்குவமாக ஒதுக்கி, இரண்டு தென்னஞ்சிராய்களை வைத்து ஊதுகுழலால் ஊதுவார்கள். ‘உனக்கு உண்டான தேவவரத்தை நீ அனல்மூட்டி எழுப்பிவிடும்படி’ என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது பயன்படுத்திய கிரேக்கச் சொல்லுக்கு, தணிந்த நெருப்பை மறுபடி உயிர்ப்பித்தல் என்பதே பொருள். நெருப்பு இல்லாத ஒருவனுக்கு அவர் அப்படி எழுதவில்லை. பாட்டியினிடத்திலும் தாயினிடத்திலும் இருந்த மாயமற்ற விசுவாசம் தீமோத்தேயுவினிடத்திலும் இருக்கிறது என்று அதற்கு முந்தின வசனத்தில் சொல்லிவிட்டுத்தான் எழுதினார். உங்கள் அம்மாவின் பக்கத்தில் நீங்கள் முழங்காற்படியிட்ட இடத்தை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தில், பலிபீடத்தின் அக்கினி ஒருபோதும் அவிந்துபோகக் கூடாது என்ற கட்டளை இருக்கிறது. அந்தக் கட்டளைக்கு முன்பாக, ஆசாரியன் சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு சாம்பலை எடுத்துப் பலிபீடத்தின் பக்கத்தில் கொட்ட வேண்டும் என்றும், பின்பு வேறு வஸ்திரம் உடுத்திக்கொண்டு அதைப் பாளயத்துக்குப் புறம்பே கொண்டுபோக வேண்டும் என்றும் இருக்கிறது. சாம்பல் அள்ளுவதும் ஆசாரிய ஊழியம்தான், அதற்கும் பரிசுத்த வஸ்திரம் உண்டு. அள்ளாமல் விட்ட சாம்பல், காற்றை மறித்து நெருப்பைக் கொன்றுவிடும்.

சகோதரரே, ‘அது வேறு விஷயம்’ என்று ஒரே வரியில் நீங்கள் தள்ளிவிட்டுப் போனதற்கு இப்போது வருகிறேன். அது வேறு விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

நற்கருணை ஆராதனையில் சமாதானம் கொடுக்கிற இடத்தை நீங்கள் நூற்றுக்கணக்கான முறை கடந்து வந்திருப்பீர்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், 1950-இல் அதற்கென ஆக்கப்பட்ட திருவிருந்து முறையில், கேரளத்துச் சிரியன் சபைகளில் தொன்றுதொட்டு இருந்துவந்த இந்த வழக்கத்தை நம் முன்னோர் சேர்த்துக்கொண்டார்கள். கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் தங்கள் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்ள வேண்டும். பீடத்திலிருந்து புறப்படுகிற அந்தச் சமாதானம் இப்படிக் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரைக்கும் போகும். மேல்நாட்டுச் சபைகள் பின்னாளில் இதை நம்மிடமிருந்து கற்றுக்கொண்டன. ‘இதோ, சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது’ என்ற 133-ஆம் சங்கீதத்தின் வசனம் அந்த இடத்தில்தான் சொல்லப்படுகிறது, காணிக்கை அதற்குப் பின்னரே வருகிறது. ‘முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து’ என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்ன வரிசையும் அதுதான்.

ஒன்பது ஆண்டுகளாக, ஒரே கூரையின் கீழ், பாடகர் குழுவின் பெஞ்சில் இருந்து நீங்கள் பக்கத்திலிருப்பவருக்குச் சமாதானம் கொடுத்திருக்கிறீர்கள். அது கைமாறிக் கைமாறி உங்கள் தம்பியிடமும் போய்ச் சேர்ந்திருக்கும். நேராக அவரிடம் மட்டும் உங்கள் கை போகவில்லை. சொல்லுகிற வார்த்தை மனதுக்குள் இறங்காதபடி நீங்களே ஒரு கதவைச் சாத்திவைத்திருக்கிறீர்கள் என்று நான் நினைக்கிறேன். ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லவேண்டியிருக்கிற ஒருவர், அந்த வார்த்தையைக் கவனித்துச் சொன்னால் அது சுடும். சுடாமல் இருக்க வேண்டுமானால் கவனிக்காமல் சொல்லப் பழக வேண்டும். அப்படிப் பழகிய மனம் அந்த ஒரு வரியை மட்டும் கேளாமல் விடுவதில்லை. பாட்டையும் பிரசங்கத்தையும் சேர்த்தே கேளாமல் விட்டுவிடுகிறது.

ஆகையால் என் ஆலோசனை: அடுத்த நற்கருணை ஞாயிற்றுக்கு முன் உங்கள் தம்பி வீட்டுக்குப் போங்கள். பத்திரங்களை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஊர்ப் பெரியவர்களையும், தயவுசெய்து ஐயரையும்கூட அழைத்துக்கொண்டு போகாதீர்கள். யார் பங்கில் எத்தனை செண்டு கூடியது என்ற பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். மூத்தவன் நான் இறங்கிப் போவதா என்று உங்கள் வீட்டிலேயே சிலர் கேட்கக்கூடும். அவர் கதவைத் திறக்காமல் போகவும் கூடும். ‘கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்’ என்று பவுல் எழுதியபோது, எல்லாம் நம் கையில் இல்லை என்று அறிந்தே ‘கூடுமானால்’ என்று எழுதினார். ஆனால் ‘உங்களாலானமட்டும்’ என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறார். ஒரு வேளை அவருடைய பக்கத்தில் நீங்கள் அறியாத ஒரு நியாயம் இருந்தால், அதைக் கேட்டுக்கொண்டு திரும்புங்கள்.

அப்படிச் செய்தால் அடுத்த ஞாயிறே உள்ளம் கொழுந்துவிட்டு எரியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். உள்ளத்தின் வறட்சி எல்லாமே பாவத்தினால் வருவதல்ல என்பதையும் இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கிற வேறு சிலர் தங்களைத் தாங்களே குற்றவாளிகளாக்கிக்கொள்ளக் கூடும். துக்கத்தினால் வரும் வறட்சி உண்டு, உடல் களைப்பினால் வருவது உண்டு. தூக்கமும் பசியும் போய், எதிலுமே மனம் பற்றாமல் வாரக்கணக்கில் கிடப்பவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அது அவிசுவாசம் ஆகாது. காரணமே தெரியாத வறட்சியும் உண்டு. கொல்கத்தாவின் தெரேசா அம்மையார் தம் ஊழியத்தின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆண்டவருடைய பிரசன்னத்தை உணராமலே ஜெபித்தார் என்பது, அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பின் 2007-இல் வெளியான அவருடைய கடிதங்களால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 88-ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு முடிவுக்கு வராமலே முடிந்துபோகிறது. ஆனாலும் அதைப் பாடியவர் கர்த்தரை நோக்கியே பாடினார், சபையும் அதைத் தன் பாட்டுப் புத்தகத்திலிருந்து நீக்கவில்லை. உணர்வு இல்லாதபோது நீங்கள் சொல்லுகிற ‘ஆமென்’, உணர்வு நிறைந்து சொல்லுகிறதைவிடத் தாழ்ந்தது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

சின்னதாக இன்னும் ஒன்று. பாடகர் குழுத் தலைவரிடம் சொல்லி, இரண்டு மாதங்கள் குழுவில் பாடாமல் சபையாரோடு உட்காருங்கள். சனிக்கிழமை இரவு, மறுநாளைக்குரிய வேதபாடங்களை வீட்டில் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். ஞாயிறன்று கால்மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்து, அந்த வாரத்தில் நடந்த ஒரே ஒரு காரியத்தை மனதில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பாவ அறிக்கையில் அதற்குரிய வரி வரும்போது நின்றுவிடுங்கள். சபையார் உங்களைத் தாண்டிப் போனால் போகட்டும்.

கேள்வி: எங்கள் சபையில் பலர் நற்கருணை தொடங்குமுன் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். எனக்கும் சில மாதங்களாக மனதில் பக்தியே இல்லை. வெறும் பழக்கத்துக்காகப் போய் மண்டியிட்டால், ‘அபாத்திரமாய்’ (தகாத விதமாய்) புசித்த குற்றம் வந்துவிடுமே என்ற பயத்தில் நானும் போகாமல் இருக்கிறேன். இது சரியா? — ஒரு வாசகி, மதுரை.

பதில்: சகோதரி, உங்கள் பயத்தை மதிக்கிறேன்; பந்தியை அற்பமாக எண்ணுகிறவர்களுக்கு இந்தப் பயம் வருவதில்லை. ஆனால் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை 17-ஆம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் மற்றவர்களுக்காகக் காத்திராமல் தங்கள் உணவை முந்திச் சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறியாயிருந்தான். இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நின்றார்கள். பவுலைக் கோபப்படுத்தியது அதுதான். ‘அபாத்திரமாய்’ என்பது புசிக்கிற விதத்தைப் பற்றிய சொல்; புசிக்கிறவருடைய மனதில் எத்தனை அளவு பக்தி இருக்கிறது என்பதைப் பற்றியது அல்ல. அதனால்தான் அவர் அந்தப் பகுதியை, போஜனம்பண்ணக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று முடிக்கிறார். தகுதியுள்ளவர்கள் மட்டும் வரலாம் என்றால் அந்த மேஜையில் யார் இருப்பார்? முதல் இராப்போஜனத்தில் மறுதலிக்கப்போகிற பேதுருவும் இருந்தாரே.

28-ஆம் வசனத்தின் வாக்கிய அமைப்பையும் கவனியுங்கள். ‘எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்.’ சோதித்தறிந்து விலகிப்போகக்கடவன் என்று இல்லை. சோதனை எதற்கென்றால், வருவதற்கு. பசியில்லாத நோயாளியைப் பார்த்து, பசி வந்தபின் சாப்பிடலாம் என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. இரண்டு வாய் கஞ்சியாவது குடி என்கிறாள், ஏனென்றால் சாப்பிட்டால்தான் பசி வரும் என்று அவளுக்குத் தெரியும். ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று ஒரு தகப்பன் மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் கதறினான். அவன் விசுவாசம் முழுமையாகும்வரை ஆண்டவர் அவனுடைய மகனைக் காக்கவைக்கவில்லை. நீங்கள் மண்டியிட்டுக் கை நீட்டும்போது அந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள். யாரோடாவது பகை இருந்தால், அதற்கு மேலே தூத்துக்குடிச் சகோதரருக்கு எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. என் கணவர் நீண்ட ஜெபம் செய்வார்; அதற்குள் சின்னவன் தூங்கிவிடுவான், பெரியவள் கண்ணை மூடிக்கொண்டே காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் ஜெபித்தாலும் தினமும் அதே நான்கு வாக்கியங்கள்தான். இதைத் தொடர்வதா, விட்டுவிடுவதா? — ஒரு தாய், சென்னை.

பதில்: அம்மா, விட வேண்டாம்; குறையுங்கள். நம் வீடுகளில் குடும்ப ஜெபம் செத்துப்போவதற்கு நான் கண்ட பெரிய காரணம் ஒன்று உண்டு, அதைச் சொன்னால் தகப்பன்மார் என்மேல் வருத்தப்படக் கூடாது. பிள்ளையிடம் நேரில் சொல்ல வேண்டிய புத்திமதியை நாம் ஆண்டவரிடம் சொல்வதுபோலச் சொல்லுகிறோம். ‘ஆண்டவரே, கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்காமல் நன்றாகப் படிக்க இந்தப் பிள்ளைக்குக் கிருபை தாரும்’ என்று ஜெபிக்கும்போது, அது ஆண்டவருக்குச் சொல்லப்பட்டதல்ல என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கண்ணை மூடியிருக்கும்போது திட்டு விழுகிற இடம் அது என்று அவர்கள் கற்றுக்கொண்டால், பெரியவர்களானபின் ஜெபத்துக்கு எப்படி ஆசையாக வருவார்கள்? நானும் என் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்தவன்தான். என் மகள் பன்னிரண்டு வயதில் அதை என்னிடம் சொல்லிக்காட்டினாள், அன்றிலிருந்து நிறுத்தினேன்.

ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு சங்கீதத்தில் நாலைந்து வசனங்கள், அதை வாசிப்பது பிள்ளைகளில் ஒருவர். பின்பு ஒவ்வொருவரும் அன்றைக்கு உண்மையாக இருக்கிற ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நன்றியாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், கோபமாகக்கூட இருக்கலாம். சொல்ல ஒன்றும் இல்லாதவர் சும்மா இருக்கலாம். பிறகு எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம், அவ்வளவுதான். ஏழு நிமிஷத்தில் முடிந்துவிடும். பிள்ளைகளின் அந்த நான்கு வாக்கியங்களைக் கேலி செய்யவோ திருத்தவோ வேண்டாம். அவற்றை அவர்கள் சொல்லட்டும், அவற்றோடுகூட அந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளட்டும். உங்கள் கணவருக்கு நீண்ட ஜெபம் வேண்டுமென்றால், பிள்ளைகள் தூங்கியபின் அவர் தனியாகச் செய்யலாம், அதற்கு வாசலைச் சாத்திக்கொள்ளும்படி ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

முதல் சில நாட்கள் பிள்ளைகள் தயங்குவார்கள். பெரியவர்கள் முதலில் உண்மையைச் சொன்னால்தான் அவர்களுக்குத் துணிவு வரும். ஆகையால் உங்கள் கணவர் அலுவலகத்தில் பட்ட ஒரு கஷ்டத்தை, அதைப் பாடமாக்காமல், அப்படியே சொல்லட்டும். பெரியவள் ஒரு நாள், நாளைக்குக் கணக்குப் பரீட்சை, பயமாக இருக்கிறது என்று சொல்லுவாள். அதற்கு எல்லாரும் ‘ஆமென்’ சொல்லுங்கள். முன்பே படித்திருக்கலாமே என்பதை மறுநாள் காலையில் சொல்லிக்கொள்ளலாம்.